அடியெடுத்துக் கொடுக்கிறவன்

குருப்பட்டம் பெறாதவர்கள் ஆராதனை நடத்துவதற்கென்று எங்கள் திருமண்டலத்தில் விதிகள் உண்டு. அவற்றில் பதினொன்றாவது இது: "ஆராதனை நடத்துபவர் நோயினாலோ முதுமையினாலோ தமக்கு இப்பணி இயலாதென்று கண்டால், அதைத் தலைமை அலுவலகத்துக்கு எழுத்து மூலம் தெரிவிக்க வேண்டும். அலுவலகம் முப்பது நாட்களுக்குள் எழுத்து மூலம் பதில் அளித்து, அவரை விடுவித்து, மாற்று ஏற்பாடு செய்ய வேண்டும். பதில் கிடைக்கும்வரை அவர் பொறுப்பை விட்டு விலகலாகாது."

கடைசி வாக்கியம் என்னுடையது. பல வருடங்களுக்கு முன் இந்த விதிகளைத் திருத்திய துணைக்குழுவில் நானும் இருந்தேன். அரசு அலுவலகம் ஒன்றின் பணியாளர் பிரிவில் கண்காணிப்பாளராக இருந்தவன் என்பதால், ஓட்டை அடைக்கும் வேலையை என்னிடம் கொடுத்தார்கள். சொல்லாமல் கொள்ளாமல் ஓடிப்போகிறவர்களைக் கட்டிப்போட அந்த வாக்கியத்தைச் சேர்த்தேன். பொறுப்பில்லாத ஏதோ ஒரு வாலிபன் அதில் மாட்டுவான் என்று நினைத்திருந்தேன். எழுபத்தோரு வயதில் நான் மாட்டினேன்.

எங்கள் ஆலயம் தாராவியின் ஓரத்தில், பிரதான சாலையிலிருந்து இரண்டு சந்து உள்ளே இருக்கிறது. ஒரு பக்கச் சுவருக்கு அப்பால் தோல் கிடங்கு, மறுபக்கம் பிளாஸ்டிக் பிரிக்கிற இடம். குருவானவர் ஒருவரே தாராவிக்கும் தாணேவுக்கும் உல்லாஸ்நகருக்கும் பொறுப்பு. மாதத்தின் முதல் ஞாயிறு திருவிருந்துக்கு இங்கே வருவார். மற்ற ஞாயிறுகளில் செம்பூரிலிருந்து பஸ் ஏறி, சயானில் இறங்கி, நடந்து வந்து நான் ஆராதனை நடத்துவேன். இருபத்திரண்டு வருடமாக இதுதான் ஏற்பாடு. தற்காலிக ஏற்பாடு என்று முதல் வருடக் குறிப்பேட்டில் எழுதியிருக்கிறது.

ஆராதனை நடத்துகிறவனுக்கு வேண்டிய தகுதிகளை விதிப்புத்தகம் வரிசையாகச் சொல்கிறது: நற்சாட்சி, தெளிவான குரல், வேதத்தைப் பிழையின்றி வாசிக்கும் திறமை, தாழ்மை. தாழ்மையை யார் எப்படி அளப்பது என்று நான் குழுவில் கேட்டேன், சிரித்துவிட்டு அடுத்த விதிக்குப் போய்விட்டார்கள். என் அனுபவத்தில் தேவைப்பட்டவை வேறு. கடைசி பெஞ்சு பாடி முடித்ததா என்று பார்க்க வேண்டும். அந்த வாரம் பிள்ளையைப் பறிகொடுத்தவள் உட்கார்ந்திருக்கும்போது, தாலாட்டு மெட்டில் இருக்கும் பாட்டை எடுக்கக் கூடாது. தன் குரல் தனக்கே இனிக்கத் தொடங்கினால் இரண்டு வாரம் வேறு ஆளைப் பாடவிட்டு வாயை மூடிக்கொள்ள வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, அடுத்து என்ன வருகிறது என்று அவனுக்குத் தெரிந்திருக்க வேண்டும். இதை யாரும் தகுதியாக எழுதி வைக்கவில்லை. அது இல்லாத ஒருவன் அங்கே நிற்பான் என்று எங்களில் யாருக்கும் தோன்றவில்லை.

எங்கள் சபையில் ஒரு வழக்கம் உண்டு. அதைத் தொடங்கியவன் நான். இங்கே பிறந்து வளர்ந்தவர்கள் வீட்டில் தமிழ் பேசுவார்கள், தெருவில் இந்தி பேசுவார்கள், தமிழ் எழுத்தை மட்டும் படிக்கத் தெரியாது. நான் பொறுப்பேற்ற புதிதில், பாட்டுப் புத்தகத்தைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு ஒரு பெண் மனமுருகி வாயசைப்பதைப் பார்த்தேன். அடுத்த வாரத்திலிருந்து அடியெடுத்துக் கொடுக்க ஆரம்பித்தேன். சபையார் ஒரு வரியைப் பாடி முடிக்கும் மூச்சிடைவெளியில் அடுத்த வரியை நான் மைக்கில் வேகமாகச் சொல்லிவிடுவேன், அவர்கள் அதைப் பாடுவார்கள். ஜெபங்களும் அப்படியே. புத்தகங்கள் பெஞ்சுகளிலிருந்து அலமாரிக்குப் போயின. சபையில் பாதிக்கு மேல் என் வாயைப் பார்த்துப் பாடியது.

நான்கு வருடத்துக்கு முன் வாலிபர் சங்கத்தார் ஸ்கிரீன் போட வேண்டும் என்றார்கள். தமிழ் வரிகளை ஆங்கில எழுத்தில் காட்டினால் எல்லோரும் படித்துப் பாடலாமே என்றார்கள். நான் ஆறு பத்திகளில் ஆட்சேபணைக் குறிப்பு எழுதினேன். ஆராதனை முறையில் மாற்றம் செய்யப் பொதுக்குழுவின் முன்னறிவிப்பு தேவை, சுவரில் ஆணி அடிக்கச் சொத்துக் குழுவின் அனுமதி தேவை, இன்னும் என்னென்னவோ தேவை. தீர்மானம் கிடப்பில் போனது. நான் சொன்ன காரணங்கள் எல்லாம் விதிப்படி சரி. சொல்லாத காரணம், அந்த மூச்சிடைவெளி எனக்குப் பிடித்திருந்தது.

கிறிஸ்துமஸுக்கு முந்தின அட்வெந்து ஞாயிறு ஒன்றில் ஆராதனை முடிந்து, வாசலில் நின்று கை கொடுத்துக்கொண்டிருந்தேன். முன்பெஞ்சில் உட்காரும் பெண்மணி வந்தார். தாராவியில் பை தைக்கிற கார்கானா நடத்துகிறவர், ஐம்பது வயதிருக்கும், பன்னிரண்டு மிஷின்களின் இரைச்சலுக்கு மேல் பேசிப் பழகிய குரல்.

"அண்ணாச்சி, மூணாங்கவிய நாலு வாட்டி பாட வச்சிட்டியளே. நாலு மடங்கு ஆசீர்வாதமா?"

வழக்கமான கேலி என்று சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை, என் முகத்தையே ஒரு கணம் பார்த்துவிட்டுப் போய்விட்டார்.

கீபோர்டு வாசிக்கும் பெண் வயரைச் சுருட்டிக்கொண்டிருந்தாள். ஒரு காப்பீட்டு அலுவலகத்தில் வேலை, முப்பது வயது. அவளிடம் சாதாரணமாகக் கேட்பது போலக் கேட்டேன், அந்தப் பாட்டு சரியாக வந்ததா என்று.

"சூப்பர் அங்கிள். மூணாவது வெர்ஸ் ரிபீட் பண்ணீங்க இல்ல, நாலு தடவை, சார் பார்! நீங்க வேணும்னேதான் பண்றீங்கன்னு நானும் வால்யூம் கம்மி பண்ணிட்டே வந்தேன். பின்னாடி ரெண்டு பேர் அழுதுட்டாங்க, சச்சீ, நிஜமா."

நான் வேண்டுமென்று செய்யவில்லை. ஒரு தடவை பாடியதாகத்தான் எனக்கு நினைவு. மூன்றாம் கவி, பிறகு நான்காம் கவி, பிறகு ஆமென். அதை இப்போதும் என்னால் சத்தியம் செய்து சொல்ல முடியும். நூற்றைம்பது பேர் நான்கு தடவை பாடினார்கள் என்றால் என் சத்தியத்துக்கு என்ன பெறுமானம்?

வீடு திரும்பும் பஸ்ஸில் அதையே நினைத்துக்கொண்டு வந்தேன். மறந்துபோனதுகூடப் பெரிதில்லை. நான் தடுமாறினேன், ஒருவரும் தடுக்கவில்லை. புத்தகம் இல்லாதவர்கள் எதைக் கொண்டு தடுப்பார்கள்? ஒரே இடத்தில் சுற்றிச் சுற்றி வந்தேன், நூற்றைம்பது பேரும் என்னோடு சுற்றினார்கள், இரண்டு பேர் அழுதார்கள், ஊரிலிருந்து வந்திருந்த விருந்தாளி ஒருவர் "உங்கள் சபையில் ஆவியானவர் அசைவாடுகிறார்" என்று என் கையைக் குலுக்கினார்.

கிறிஸ்துமஸ் கழிந்த ஞாயிறு, கர்த்தருடைய ஜெபத்தின் நடுவில் நின்றேன். பேசத் தெரிந்த நாளிலிருந்து சொல்லி வரும் ஜெபம். அன்றாட அப்பத்தைக் கேட்கும் இடம் வரை வந்தேன். அதற்கு அப்பால் ஒன்றுமே இல்லை. இருட்டில் படி இறங்கும்போது, இருக்கிறது என்று நினைத்த படி இல்லாமல் கால் காற்றில் போகுமே, அப்படி இருந்தது. மைக்கில் என் மூச்சு கேட்டது. சுவருக்கு அப்பால் பிளாஸ்டிக் மூட்டையை யாரோ இழுக்கும் சத்தம் கேட்டது. கண்ணைத் திறந்து பார்த்தேன். எல்லோரும் இன்னும் ஆழமாகத் தலை குனிந்திருந்தார்கள். மௌன ஜெபத்துக்கு நேரம் கொடுக்கிறேன் என்று எடுத்துக்கொண்டார்கள். முன்பெஞ்சிலிருந்து ஒரு செருமல் வந்தது. அதன் பின்னால் அடுத்த வரியின் முதல் சொல், ஜெபத்தில் முணுமுணுப்பது போல, மெதுவாக. அதைப் பிடித்துக்கொண்டு மீதியைச் சொல்லி முடித்தேன்.

மறுநாள் கடிதம் எழுதினேன். பொருள், விதி எண், காரணம், வேண்டுகோள், எல்லாம் ஒரே பக்கத்தில். பெரிய வெள்ளிக்கு முன் என்னை விடுவிக்க வேண்டும் என்று அடிக்கோடிட்டேன். பெரிய வெள்ளியின் மும்மணி நேர ஆராதனை முழுவதையும் இந்தச் சபையில் நான்தான் நடத்துவேன். குருவானவர் அன்று தாணேயில் இருப்பார். சிலுவையில் சொல்லப்பட்ட ஏழு வார்த்தைகள், ஏழு தியானம், ஏழு பாட்டு, மூன்று மணி நேரம். அந்த மூன்று மணி நேரத்துக்குள் எந்த இடத்தில் படி இல்லாமல் போகும் என்று எனக்குத் தெரியாது. வருடத்தில் ஒரு நாள் மட்டும் ஆலயத்துக்கு வருகிறவர்கள் வருகிற நாள் அது. நான் எங்கே கூட்டிப்போனாலும் அவர்கள் வருவார்கள்.

ஜெராக்ஸ் எடுத்துக் கோப்பில் வைத்தேன். கடிதத்தைப் பதிவுத் தபாலில், ஒப்புகை அட்டையோடு அனுப்பினேன். ஐந்தாம் நாள் அட்டை முத்திரையோடு திரும்பி வந்தது. அதைப் பாட்டுப் புத்தகத்துக்குள் வைத்துக்கொண்டு முப்பது நாள் எண்ணத் தொடங்கினேன்.

இடையில் மாட்டுங்காவில் ஒரு நரம்பியல் மருத்துவரிடம் போனேன். மனைவியிடம் கழுத்து வலி என்று சொன்னேன். போவதற்கு முன், இம்மாதிரி மருத்துவர்கள் என்னென்ன கேட்பார்கள் என்று விசாரித்துத் தெரிந்துகொண்டேன். துறைத் தேர்வுக்குப் படித்த பழக்கம், விடுமா? நூறிலிருந்து ஏழேழாகக் கழிப்பதைப் பஸ்ஸில் மனப்பாடம் செய்தேன். தேதி, கிழமை, மாடி எண் மூன்றையும் மருத்துவமனை வாசலில் ஒரு முறை சொல்லிப் பார்த்தேன். ஐந்து சொற்களைச் சொல்லி, சற்றுக் கழித்துத் திருப்பிச் சொல்லச் சொன்னார். வரிசை மாறாமல் சொன்னேன். கடிகாரம் வரைந்து முள் போடச் சொன்னார். அதையும் வீட்டில் வரைந்து பழகியிருந்தேன்.

"பர்ஃபெக்ட் சார். இந்த வயசுல இது நார்மல்தான். தூக்கம் நல்லா தூங்குங்க," என்றார் மருத்துவர்.

முழு மதிப்பெண் வாங்கிக்கொண்டு படியிறங்கினேன். விடைத்தாளைப் பார்த்து எழுதியவனுக்குத் தேர்ச்சி எதைக் காட்டும்? திரும்பிப் போய் உண்மையைச் சொல்லலாம் என்று இரண்டாம் மாடி வரை ஏறினேன். அங்கே கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றேன், பிறகு இறங்கிவிட்டேன். சொன்னால் அடுத்த பரிசோதனை வரும். அதற்கு என்ன படிப்பது என்று எனக்குத் தெரியாது.

முப்பது நாள் முடிந்தது. பதில் இல்லை. முதல் ஞாயிறு திருவிருந்துக்கு வந்த குருவானவரைப் பாத்திரங்கள் வைக்கும் அறையில் பிடித்தேன். நல்லவர், எப்போதும் அடுத்த லோக்கல் ரயிலைப் பிடிக்கிற அவசரத்தில் இருப்பார்.

"ஐயா, என் கடிதம் என்ன ஆயிற்று? பதினொன்றாம் விதிப்படி..."

"உங்க லெட்டரைப் பத்தி ஆபீஸ்லே பேசினாங்க. 'பாருங்க, இவ்வளவு வருஷம் நடத்தியும் தகுதியில்லைன்னு எழுதுறார், என்ன தாழ்மை'ன்னு ரொம்ப சந்தோஷப்பட்டாங்க."

"தாழ்மை இல்லை ஐயா. எனக்கு உண்மையாகவே மறந்துபோகிறது."

"எனக்கு மட்டும்? போன வாரம் தாணேல கல்யாணத்துல மாப்பிள்ளை பேரையே மறந்துட்டேன்." அங்கியைக் கழற்றி மடித்துக்கொண்டே சிரித்தார். "பெரிய வெள்ளிக்கு உங்களை விட்டா யாரு இருக்கா? ஏழு வார்த்தையையும் புஸ்தகம் பாக்காம நடத்துறவர் நீங்க ஒருத்தர்தான். தேவன் பெலன் தருவார்."

விதிப்புத்தகத்தில் தாழ்மையைச் சேர்க்காதீர்கள் என்று அன்று நான் இன்னும் அழுத்திச் சொல்லியிருக்க வேண்டும்.

பெரிய வெள்ளிக்கு முந்தின தவக்காலமான லெந்து தொடங்கினால் எங்களில் நல்ல காரியங்கள் செய்ய மாட்டார்கள். அதனால் அதற்கு முந்தின சனிக்கிழமை மாலையில் முன்பெஞ்சுக் கார்கானாக்காரர் தன் மகளுக்கு நிச்சயம் வைத்தார். மண்டபம் எடுக்கவில்லை, கார்கானாவிலேயே. மிஷின்களைச் சுவரோரம் தள்ளி வெள்ளைத் துணி போர்த்தியிருந்தார்கள். பாதி தைத்த பைகள் மூட்டை மூட்டையாகக் கூரை வரை அடுக்கியிருந்தன. நாற்பது ஐம்பது பேர் நெருக்கியடித்து உட்கார்ந்திருந்தார்கள். மாப்பிள்ளை வீட்டார் உல்லாஸ்நகர். இது போன்ற வீட்டு ஆராதனைக்குக் குருவானவர் தேவையில்லை, நான் போதும்.

எழுந்து நின்றேன். பாட்டின் முதல் அடியை எடுத்துக் கொடுத்தேன். கூட்டத்தின் முன்வரிசை அதைப் பாடியது. மகளும் பாடினாள், புதுப் பட்டுச்சேலையில், சிரித்த முகத்தோடு, என் வாயைப் பார்த்து. இரண்டாம் அடியை எடுத்துக் கொடுத்தேன். பின்னால் உட்கார்ந்திருந்த வயதானவர்கள் பாடவில்லை. ஒரு பெரியவர் திறந்த வாயோடு அப்படியே உட்கார்ந்திருந்தார். அவர் முகத்தைப் பார்த்ததும்தான் என் காதில் என் குரல் விழுந்தது. குழி மூடும்போது பாடுகிற பாட்டு. மண்ணுக்குத் திரும்புவதைப் பற்றிய அடி. அந்தப் பெண் அதையும் பாடிக்கொண்டிருந்தாள். அந்தப் பழைய செந்தமிழின் அர்த்தம் அவளுக்குத் தெரியவில்லை. நான் சொன்னேன், அதனால் பாடினாள்.

நிறுத்த வேண்டும் என்று தெரிந்தது. நிறுத்தினால் அடுத்து என்ன என்று தெரியவில்லை. மூன்றாம் அடி என் வாயில் தயாராக, பிசகில்லாமல் வந்து நின்றது. அதை விழுங்கவும் முடியவில்லை.

அப்போது கார்கானாக்காரர் தாம்பாளத்தை இடுப்பில் வைத்துக்கொண்டே எழுந்தார். மங்களப் பாட்டை முதல் அடியிலிருந்து எடுத்தார். பன்னிரண்டு மிஷின் இரைச்சலை மீறுகிற குரலில். ஒரு அடியைப் பாடி முடித்து, மூச்சிடைவெளியில் அடுத்த அடியைச் சொல்லி, திரும்பப் பாடினார். என் வேகம், என் நிறுத்தம், 'ள'கரத்தில் நான் கொடுக்கிற அழுத்தம்கூட அப்படியே இருந்தது. கூட்டம் அவர் பக்கம் திரும்பியது. நான் உட்கார்ந்தேன்.

சாப்பாட்டுப் பந்தி தொடங்கியதும் பை மூட்டைகளுக்குப் பின்னால் எனக்கு ஒரு ஸ்டூல் போட்டு, கையில் சாயா கொடுத்தார்.

"குடிங்க அண்ணாச்சி. உங்களுக்கு இருமல். தொண்டை அடைச்சிட்டு. அப்படித்தான் எல்லார்ட்டயும் சொல்லியிருக்கேன்."

"எம்மா, உன் மகள் நிச்சயத்தில் நான்..."

"அரே, விடுங்க. நிச்சயத்துக்குச் சாவுப் பாட்டு பாடுன மொத ஆளு நீங்கதான். மாப்பிள்ளை வீட்டுக்காரங்களுக்குத் தமிழ் வாசமே கிடையாது, தப்பிச்சோம். சம்பந்தியம்மா எங்கிட்ட, 'ட்யூன் பஹுத் அச்சா தா', மெட்டு ரொம்ப நல்லாருந்துச்சுங்கா."

எனக்குச் சிரிப்பு வரவில்லை. கண்ணாடிக் கிளாஸைக் குடிக்காமலே பிடித்துக்கொண்டிருந்தேன். அவர் அதை வாங்கிக் கீழே வைத்தார்.

"எப்போதிலிருந்து தெரியும் உனக்கு?"

"நாலு வாட்டி பாடுனோம்லா, அன்னைக்கே. மிஷின்ல நூலு அறுந்தா பாக்கவா செய்வோம்? சத்தத்திலயே தெரிஞ்சு போவும்."

"அப்போதே ஏன் சொல்லவில்லை?"

"சொன்னா நிறுத்திருவிய. எனக்குப் படிக்கத் தெரியாது, எம்பிள்ளையளுக்கும் தெரியாது. நீங்க நிறுத்தினா எங்களுக்கு யாரு சொல்லித்தருவா?"

"படிக்கத் தெரியாமல் நீ எப்படி முழுப் பாட்டையும் எடுத்தாய்?"

அவர் என்னைப் பார்த்த பார்வையில், ஆபீசரெல்லாம் இப்படித்தான் கேட்பார்களோ என்பது போல ஒன்று இருந்தது. "நீங்க சொல்லித் தந்ததுதான். இருவத்திரெண்டு வருசமா ஞாயித்துக்கெளமை தவறாம காதுல ஏத்துனா ஏறாதா? மொத்தப் புஸ்தகமும் உள்ள கெடக்கு அண்ணாச்சி. எந்தப் பக்கம்னு மட்டும் சொல்லத் தெரியாது."

அன்றிலிருந்து எங்களுக்குள் ஓர் ஏற்பாடு. அவர் முன்பெஞ்சில் எனக்கு நேரே உட்காருவார். நான் வழி தவறினால் செருமுவார், நின்றுபோனால் அடுத்த சொல்லைத் தருவார். லெந்து ஞாயிறுகளை இப்படிக் கடத்தினேன். ஒரு ஞாயிறு மூன்று செருமல், அடுத்த ஞாயிறு ஐந்து. இன்னொரு ஞாயிறு ஒன்றுமே இல்லை. அன்று வீட்டுக்கு வந்த பிறகுதான் பயம் அதிகமானது. நான் தவறவில்லையா, அல்லது அவர் செருமியது என் காதில் விழவில்லையா?

பெரிய வெள்ளி நெருங்கியது. செருமிச் செருமி மூன்று மணி நேரம் ஒருவரை நடத்திவிட முடியாது. அவரையே நிற்கவைக்கலாம் என்று எனக்குத் தோன்றாமல் இல்லை. ஒரு மாலை, அதற்கான கடிதத்தை மனதுக்குள் வாக்கியம் வாக்கியமாகக் கட்டிப் பார்த்தேன். ஏழாம் விதி குறுக்கே நின்றது. வேதத்தைப் பிழையின்றி வாசிக்கத் தெரிந்தவராக இருக்க வேண்டும் என்று அது சொல்கிறது. விதிக்கு விரோதமான வேண்டுகோளை நான் பணியில் இருந்த காலத்தில் ஒரு முறைகூட மேலே அனுப்பியதில்லை. வேண்டாம் என்று விட்டுவிட்டேன். தேர்வுக்குப் படிப்பது போல ஏழு பாட்டுகளையும் காலையிலும் மாலையிலும் எழுதி எழுதிப் பார்த்தேன். நான்காவது பாட்டின் இரண்டாம் கவி ஒவ்வொரு நாளும் புதிதாக இருந்தது.

குருத்தோலை ஞாயிறுக்கு முந்தின நாள் காலை கூரியரில் உறை வந்தது. தலைமை அலுவலகத்தின் முத்திரை. கதவருகிலேயே நின்று பிரித்தேன். அலுவலகக் கடிதத்தில் முதலில் 'பார்வை' என்ற பகுதியைப் படிப்பது என் பழக்கம், எந்தக் கடிதத்துக்கு இந்தப் பதில் என்று அங்கேதான் தெரியும்.

'பார்வை: தங்களுடைய மூன்று கடிதங்கள்' என்றிருந்தது.

எழுத்தர் பிழை. எத்தனை பார்த்திருக்கிறேன். மேலே படித்தேன். பதினொன்றாம் விதிப்படி தாங்கள் விடுவிக்கப்படுகிறீர்கள். தாமதத்துக்கு வருந்துகிறோம். தங்கள் மூன்றாவது கடிதத்தில் தாங்கள் முன்மொழிந்தவாறு, ஏழாம் விதியைத் தளர்த்தி, தங்கள் சபையின் அந்தச் சகோதரி பெரிய வெள்ளி முதல் ஆராதனை நடத்த அனுமதிக்கப்படுகிறார். வேதபாடங்களை வேறொருவர் வாசிக்கலாம்.

"நான் எழுதியது ஒரு கடிதம்தான்," என்றேன் சத்தமாக.

மனைவி அடுக்களையிலிருந்து வந்தாள். "என்னங்க? பதில் வந்துடுச்சா? அப்பாடா."

"மூன்று கடிதம் என்று போட்டிருக்கிறார்கள்."

"ஆமா, மூணுதானே. ஒண்ணு நீங்க தபால்ல போட்டீங்க. மத்த ரெண்டையும் எங்கிட்ட குடுத்து கூரியர்ல போடச் சொன்னீங்க." என் முகத்தைப் பார்த்ததும் கையைச் சேலையில் துடைத்துக்கொண்டாள். "ரிமைண்டர்னு நெனச்சேன். ஆபீஸ்ல நீங்க அப்படித்தானே பண்ணுவீங்க?"

இரும்பு அலமாரியிலிருந்து கோப்பை எடுத்தேன். ஒப்புகை அட்டை பாட்டுப் புத்தகத்தில் இருந்ததால், இரண்டு மாதத்துக்கும் மேலாகக் கோப்பைத் திறக்க அவசியம் வரவில்லை. மூன்று பிரதிகள், கயிறு கோர்த்து, வரிசை எண் இட்டு இருந்தன. முதலாவது எனக்குத் தெரிந்தது. இரண்டாவது, முதலாவதேதான். அதே வாக்கியங்கள், அதே இடத்தில் அடிக்கோடு. முன் கடிதத்தைப் பற்றி அதில் ஒரு குறிப்புகூட இல்லை, ஆகவே அது நினைவூட்டல் கடிதம் அல்ல. முதல் முறையாக எழுதுகிறோம் என்று நினைத்து ஒருவன் எழுதியது.

மூன்றாவதை மூன்று முறை படித்தேன். இரண்டு பக்கம். வாதம் சுத்தமாக இருந்தது. "இவருக்குத் தமிழ் வாசிக்கத் தெரியாது என்பது உண்மை. சபையில் பெரும்பாலோருக்கும் தெரியாது. வாசிக்கத் தெரிந்த ஒருவனையே எல்லோரும் நம்பியிருப்பதுதான் இப்போதுள்ள ஆபத்து. ஸ்கிரீன் வைப்பது குறித்து நான் முன்பு எழுதிய ஆட்சேபணையையும் இதன் மூலம் திரும்பப் பெறுகிறேன்." கீழே என் கையெழுத்து. எழுத்து நடுங்கவில்லை. நல்ல கடிதம், நான் திருத்த ஒரு சொல்கூட இல்லை. நான் எழுதத் துணியாததை எழுதியிருந்தவனை எனக்கு நினைவில்லை.

நாற்காலியில் உட்கார்ந்தேன். மனைவி தோளில் கை வைத்தாள். பிறகு அவளிடம் மாட்டுங்கா மருத்துவரைப் பற்றிச் சொன்னேன். பஸ்ஸில் ஏழேழாகக் கழித்துப் படித்ததையும், படியில் பாதி ஏறி இறங்கியதையும் சொன்னேன். "திங்கக்கெழமை நானும் வரேன், படிக்காம போவோம்," என்றாள்.

கார்கானாவுக்குப் போன் செய்தேன். பின்னால் மிஷின்கள் ஓடிக்கொண்டிருந்தன. விஷயத்தைச் சொன்னதும் ஒவ்வொரு மிஷினாக நிற்பது கேட்டது. அவர்தான் கையைக் காட்டியிருக்க வேண்டும்.

"நானா? மூணு மணி நேரமா? எனக்குக் கை காலெல்லாம் உதறுது அண்ணாச்சி."

"உதறட்டும். முன்பெஞ்சில் நான் இருப்பேன்."

"நீங்க இருந்து?"

"செருமத் தெரியும்."

"எங்க செருமணும்னு ஞாபகம் இருக்குமா?" என்று கேட்டுவிட்டு, சிரிக்கிறாரா அழுகிறாரா என்று தெரியாத ஒரு சத்தம் செய்தார்.

வரும் கடிதங்களின் வலது மூலையில் பெற்ற நாளை எழுதுவது விதி. பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். மருத்துவமனை வாசலில் செய்தது போல முதலில் மனதுக்குள் சொல்லிப் பார்க்கவில்லை. மனைவியிடம் தேதி கேட்டேன். அவள் காலண்டரைப் பார்த்துச் சொன்னாள், நான் எழுதினேன்.

பெறப்பட்டது: மார்ச் இருபத்தெட்டு, சனிக்கிழமை.